கொடைக்கானல் தைலமும் ஈறு நோயும்

கொடைக்கானல் போய்த் திரும்புகிறவர்களின் பையில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று சாக்லேட், மற்றொன்று யூகலிப்டஸ் தைலம். முன்னது பல்லைக் கெடுக்கும், பின்னது பல்லைக் காக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இதில் இரண்டாவது பாதி எவ்வளவு உண்மை என்பதற்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது.

பழனி மலையின் சோலைக்காட்டு ஓரங்களில் கால்தீரியா என்ற புதர்ச்செடி வளர்கிறது. அதன் இலையைக் கசக்கினால் மூட்டுவலித் தைலத்தின் வாசனை வரும். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள்தான் காரணம். பக்கத்து நீலகிரியிலும் இதே செடி உண்டு.

1867-ல் பிரிட்டனில் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு அறுவைக் காயங்கள் சீழ் பிடிக்காமல் தடுக்கலாம் என்று காட்டினார். அந்த அமிலத்துக்குத் தேவை கூடியது. அப்போது சென்னை மாகாண அரசுக்காக நீலகிரியில் சிங்கோனா ஆய்வு செய்துவந்த பிராட்டன் என்ற வேதியியலாளர், கால்தீரியா எண்ணெயிலிருந்தே கார்பாலிக் அமிலம் தயாரிக்கலாம் என்று கண்டார். ஆனால் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த அமிலம் மலிவாகக் கிடைத்ததால் அந்த யோசனை நிலைக்கவில்லை.

1879-ல் அமெரிக்காவில் ஜோசப் லாரன்ஸ் ஒரு கிருமிநாசினி திரவத்தை உருவாக்கி, லிஸ்டரைக் கௌரவிக்கும் வகையில் 'லிஸ்டரின்' என்றே பெயரிட்டார். தைமால், மெந்தால், யூகலிப்டால், மெத்தில் சாலிசிலேட் ஆகிய நான்கும் அதன் முக்கியச் சரக்குகள். கடைசி இரண்டும் கொடைக்கானல் மலையில் வளரும் செடி, மரங்களிலும் இருப்பவைதான். 1895 முதல் அது பல் மருத்துவர்களுக்கும் விற்கப்பட்டது.

இதே காலத்தில் ஜான் ரிக்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வேறு வழி சொன்னார். ஈறுக்குக் கீழே வேரில் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பதுதான் சிகிச்சை என்றார். ஈறு நோய்க்கே 'ரிக்ஸ் நோய்' என்று பெயர் வந்தது. ஆனால் வலிக்கும் சுரண்டலைவிட மருந்து எல்லோருக்கும் பிடிக்குமல்லவா? 1914, 1915-ல் ஈறு நோய்க்கு அமீபாவே காரணம் என்று சிலர் அறிவித்து, எமட்டின் ஊசி போட்டார்கள். காரணமே தவறு என்று தெரிந்ததும் அந்த ஆரவாரம் அடங்கியது.

அடுத்து வந்தது குளோர்ஹெக்சிடின். 1950களில் பிரிட்டனில் அறிமுகமான கிருமிநாசினி இது. 1970-ல் லோ, ஷியோட் என்ற ஆய்வாளர்கள், இதன் 0.2 சதவீதக் கரைசலால் தினம் இருமுறை கொப்பளித்தால் பல் துலக்காவிட்டாலும் பற்படலம் சேர்வதில்லை என்று காட்டினார்கள்.

ஆனால் இது ஈறுக்கு மேலே நடப்பது. நோய் முற்றும்போது ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல ஆகிவிடுகிறது. 5, 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கொப்பளிக்கும் நீர் போய்ச் சேராது. சேர்ந்தாலும் ஈறிலிருந்து ஊறும் திரவம் அதைக் கழுவிவிடும். கிருமிகளோ காரையின் மேல் பிசின் போன்ற படலத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

ஆகவே மருந்தைப் பைக்குள்ளேயே வைக்கும் முறை வந்தது. 1979-ல் குட்சன் குழுவினர் டெட்ராசைக்ளின் நிரப்பிய இழைகளைச் சோதித்தார்கள். 1998-ல் குளோர்ஹெக்சிடின் சில்லுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. தமிழ்நாடும் பின்தங்கவில்லை. சென்னை நிறுவனம் ஒன்று மீன் கொலாஜனில் சுமார் 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்சிடினை ஏற்றி, விரல்நகத்தைவிடச் சிறிய சில்லாகத் தயாரித்தது. பைக்குள் வைத்தால் தானே கரைந்துவிடும். எடுக்க வேண்டியதில்லை.

பலன் எவ்வளவு? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வேரைச் சுத்தம் செய்வதால் மட்டும் ஈறின் பிடிப்பு சராசரியாக அரை மில்லிமீட்டர் மீள்கிறது. கூடவே சில்லும் வைத்தால் இன்னும் சுமார் 0.4 மில்லிமீட்டர். கேட்கச் சிறிய அளவுதான். ஆனால் ஆடத் தொடங்கும் பல்லுக்கு அதுவும் பெரிது.

இங்கே 'கூடவே' என்ற சொல்தான் முக்கியம். காரையை எடுக்காமல் மருந்தை மட்டும் வைப்பது, குப்பையை அள்ளாமல் பினாயில் தெளிப்பது போல. எண்ணெயிலிருந்து சில்லு வரை நூறாண்டுகளுக்கு மேல் ஆகியும் ரிக்ஸ் சொன்னது மாறவில்லை. துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால், கொடைக்கானல் தைலத்தை மூக்கடைப்புக்கு வைத்துக்கொண்டு, பல் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.