உளநல விடுதிகளில் வளரிளம் பருவத்தினரின் மூர்க்க நடத்தை

உளநலச் சிகிச்சைக்காக விடுதியில் தங்கியிருக்கும் வளரிளம் பருவத்தினர் பிறரைத் தாக்குவது, மிரட்டுவது, பொருட்களை உடைப்பது ஆகியவை மூர்க்க நடத்தை எனப்படும். ஒன்றைப் பெறத் திட்டமிட்டுச் செய்வது ஒரு வகை. சீண்டியதும் வெடிப்பது இன்னொன்று. ஊழியர்களைத் திணறவைப்பது இரண்டாவதுதான். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைக்குத் தற்செயலாகத் தோளில் இடித்தவனும் பகைவனாகத் தெரிவான். அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜின் ஆய்வுகள் இந்தத் தவறான வாசிப்பை விளக்கின. விளக்கணைக்கும் நேரம், வீட்டிலிருந்து போன் வராத மாலை, ‘கூடாது’ என்ற ஒரு சொல்: பொறி பெரும்பாலும் இப்படிச் சின்னதாகவே இருக்கும்.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு ஆஸ்திரியாவின் ஓபர்ஹொல்லாபுருன் விடுதியில் கல்வியாளர் ஆகஸ்ட் ஐக்ஹார்ன் மிக மூர்க்கமான 12 சிறுவர்களைத் தனிக்குழுவாக்கினார். பெரிய காயம் நேராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி தடுக்காதீர்கள் என்பது ஊழியர்களுக்கு அவர் சொன்னது. கண்ணாடிகள் நொறுங்கின, கதவுகள் உடைந்தன. எதிர்ப்பவர் யாருமில்லாத மூர்க்கம் உச்சத்துக்குப் போய், அழுகையாக உடைந்து, மெல்ல அடங்கியது. அவருடைய 1925ஆம் ஆண்டு நூலுக்கு ஃபிராய்டு முன்னுரை எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சோதனை இது. இன்றைய வார்டு எதுவும் இதற்குத் துணியாது, துணியவும் வேண்டாம்.

ஐக்ஹார்னின் வழிவந்த ஃபிரிட்ஸ் ரெடல், டேவிட் வைன்மனுடன் 1946இல் டெட்ராய்டில் பயனியர் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். அங்கிருந்த பிள்ளைகள் சற்று இளையவர்கள். பணமில்லாமல் 1948இல் இல்லம் மூடப்பட்டாலும் அங்கே கற்றவை நிலைத்தன. ஒருவனின் வெறி குழுவுக்கே தொற்றும் என்பதை ரெடல் கவனித்தார். சிலவற்றைக் கண்டும் காணாமல் விடுவது, பார்வையால் எச்சரிப்பது, பக்கத்தில் போய் நிற்பது, தண்டனையின் சாயல் இல்லாமல் வெளியே அழைத்துப்போவது என அவர் வகுத்தவை எல்லாம் பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியவை. வெடிப்பு தணிந்ததும் நடந்ததை அங்கேயே பிள்ளையோடு பேசும் முறையும் அவருடையதே.

அழுத்திப் பிடிப்பதும் தனியறையில் அடைப்பதும் பழைய வழிகள். பிடித்துவைத்தபோது நேர்ந்த சாவுகளை ஹார்ட்ஃபர்ட் கூரண்ட் நாளிதழ் 1998இல் தொடராக வெளியிட்ட பிறகு, அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் சட்டக் கட்டுப்பாடுகள் வந்தன. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தனியறை அடைப்பைத் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறை என்று சொல்லியோ கூடாது.