ஃப்ரிட்ஜ் ஐஸ் மேக்கருக்கு தண்ணி லைன் கொடுக்கப் போறீங்களா? மாடி டேங்க் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்!

வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போவது கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு வழியாகத்தான். இங்கிருந்து பம்ப் செய்து, வடக்குத்து நிலையத்தில் சுத்திகரித்த பிறகே அந்தத் தண்ணீர் தலைநகருக்கு அனுப்பப்படுகிறது. அதே சேத்தியாத்தோப்பில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்கு தண்ணி லைன் இழுப்பதாக இருந்தாலும் இந்த இரண்டு விஷயம்தான் முக்கியம். ஒன்று அழுத்தம், இன்னொன்று சுத்தம். இரண்டையும் பார்க்காமல் லைன் கொடுத்தால் என்ன ஆகும்? முழு விவரம் இதோ.

ஐஸ் மேக்கர் எப்படி வேலை செய்கிறது?

ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கரண்டில் இயங்கும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். அது சில நொடிகள் மட்டும் திறந்து, ஃப்ரீசரில் உள்ள அச்சில் தண்ணீரை நிரப்பும். தண்ணீர் உறைந்ததும் ஐஸ் கட்டிகள் கீழே உள்ள பெட்டியில் விழும். பெட்டி நிறைந்தால் மெஷின் தானாக நின்றுவிடும்.

தெருக்குழாயில் சுத்திகரித்த தண்ணீர் 24 மணி நேரமும் அழுத்தத்தோடு வரும் அமெரிக்க வீடுகளில்தான் இந்த வசதி முதலில் பரவியது. நம்ம ஊர் நிலைமை வேறு. பேரூராட்சி குழாய் அல்லது போர் தண்ணீரை மொட்டை மாடி டேங்கில் ஏற்றி, அங்கிருந்து இறக்கித்தான் பயன்படுத்துகிறோம். சிக்கலே இங்கதான் ஆரம்பிக்கிறது.

மாடி டேங்க் அழுத்தம் போதுமா?

பெரும்பாலான வீடுகளில் போதாது. குழாய் இணைப்புள்ள பல மாடல்களுக்கு குறைந்தது 20 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். சில மாடல்களுக்கு 30 பிஎஸ்ஐ தேவை. டேங்க் தண்ணீர் 10 அடி உயரத்தில் இருந்தால் கிடைப்பது சுமார் 4.3 பிஎஸ்ஐ மட்டுமே. ஃப்ரிட்ஜ் இணைப்பிலிருந்து 15 அடி உயரத்தில் டேங்க் உள்ள தரைத்தள வீட்டில் 6.5 பிஎஸ்ஐதான் வரும். 20 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் டேங்க் சுமார் 46 அடி உயரத்தில் இருக்க வேண்டும்!

அழுத்தம் குறைந்தால் கட்டிகள் சின்னதாகவோ, உள்ளே வெற்றாகவோ வரும். இன்னொரு ஆபத்தும் இருக்கு. இந்த வால்வு இறுக்கமாக மூடுவதற்கும் தண்ணீர் அழுத்தம் தேவை. அது இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, உள்குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். 'மெஷின் பழுது' என்று நினைத்து சர்வீஸுக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் கோளாறு மெஷினில் இருக்காது.

ஆர்.ஓ.வில் இருந்து லைன் எடுக்கலாமா?

நேரடியாக எடுத்தால் சரிவராது. சுவரில் மாட்டும் ஆர்.ஓ. மெஷினின் டேங்கில் அழுத்தம் கிடையாது. திறந்தால் தானாக இறங்கும், அவ்வளவுதான். ஆர்.ஓ.வுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில், அழுத்தம் குறைந்ததும் தானாக ஓடும் சிறிய பிரஷர் பம்ப் பொருத்த வேண்டும். ஃப்ரிட்ஜ் கையேட்டில் உள்ள அதிகபட்ச அழுத்தத்தையும் அது தாண்டக்கூடாது.

ஃப்ரீசரில் கிருமி செத்துடுமா?

சாகாது. பலர் நம்புவது தவறு. மைனஸ் 18 டிகிரியில் பல கிருமிகள் உறங்கும், அழிவதில்லை. ஐஸ் ஜூஸில் கரைந்ததும் அவை மீண்டும் உயிர்ப்போடு உடலுக்குள் போகும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை வரை கொண்டுபோய் விடலாம். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை.

ஃப்ரிட்ஜோடு வரும் ஃபில்டர் போதாதா என்றால், அதில் பெரும்பாலும் கார்பன்தான் இருக்கும். குளோரின் வாடை, தூசியைக் குறைக்கும். உப்பையும் எல்லாக் கிருமிகளையும் நீக்கும் என்று நம்ப முடியாது.

எளிய விதி இதுதான்: குடிக்கத் தயங்கும் தண்ணீரை ஐஸ் மேக்கருக்கும் கொடுக்காதீர்கள்.

உப்புத் தண்ணீர் என்றால்?

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 2,000 வரை அனுமதி. கடின நீரில் ஐஸ் கரையும்போது டம்ளர் அடியில் வெள்ளைத் துகள் தங்கும். நாளடைவில் வால்வில் உப்பு படிந்து அடைக்கும். டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதை மறக்க வேண்டாம். அதற்கு ஆய்வகப் பரிசோதனை தேவை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களை அணுகலாம்.

லைன் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

* குளிர்ந்த நீர்க் குழாயில் மட்டுமே இணைக்க வேண்டும். ஹீட்டர் லைன் கூடாது.
* குழாயில் ஓட்டை போட்டு மாட்டும் கிளாம்ப் வால்வு பின்னாளில் ஒழுகும். டி-ஜாயின்ட் வைத்து தனி வால்வு போடச் சொல்லுங்கள். அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.
* குடிநீருக்கு ஏற்ற புதிய கால் இன்ச் டியூப் போதும். பழைய டியூப் வேண்டாம்.
* டியூபை ஃப்ரிட்ஜில் மாட்டும் முன் ஒரு வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, தூசியை வெளியேற்றுங்கள்.
* ஃப்ரிட்ஜைச் சுவரோடு தள்ளும்போது டியூப் மடங்கக் கூடாது.
* எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட் கட்டாயம்.
* முதல் ஐஸ் வர 24 மணி நேரம் ஆகலாம். முதல் நாள் ஐஸைக் கொட்டிவிடுங்கள்.
* ஃபில்டரை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஊருக்குப் போகும்போது வால்வை மூடுங்கள்.

புயல், வெள்ளம் வந்தால்?

2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என கடலூர் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. சம்ப்பில் வெள்ள நீர் கலந்ததாகச் சந்தேகம் வந்தாலே ஐஸ் மேக்கரை நிறுத்தி, வால்வை மூடி, இருக்கும் ஐஸைக் கொட்டிவிட வேண்டும். சம்ப், டேங்க், லைன் மூன்றையும் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றிய பிறகே மீண்டும் இயக்க வேண்டும்.

வாங்கும் முன் என்ன கேட்கலாம்?

'இது குழாய் இணைப்பு மாடலா, தண்ணீர் ஊற்றும் டேங்க் மாடலா?' என்று கடையில் கேளுங்கள். டேங்க் மாடலில் காய்ச்சி ஆறிய தண்ணீரையோ, ஆர்.ஓ. தண்ணீரையோ நீங்களே ஊற்றலாம். பிளம்பர், பம்ப் எதுவும் வேண்டாம். மாடி டேங்கை நம்பி இருக்கும் வீட்டுக்கு பெரும்பாலும் இதுவே போதும்.