இரத்தம்: திசுவும் அதன் ஆய்வு வரலாறும்

இரத்தம் உடலின் திரவ இணைப்புத் திசு. எலும்பையும் குருத்தெலும்பையும் போலவே இதுவும் கருவின் நடுப்படலத்திலிருந்து தோன்றுகிறது. எலும்பில் செல்களைச் சூழ்ந்த தளப்பொருள் கெட்டியானது. இரத்தத்திலோ அது பிளாஸ்மா என்னும் நீர்மம். பிளாஸ்மா சுமார் 55 சதவீதம்; எஞ்சியவை அணுக்கள். சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கிறது, வெள்ளையணு நோயை எதிர்க்கிறது, தட்டணு காயத்தில் இரத்தத்தை உறையவைக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்தான் என்பதால் எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிய அணுக்களை உருவாக்கியாக வேண்டும்.

சித்த மருத்துவம் ஏழு உடற்கட்டுகளுள் செந்நீரை இரண்டாவதாக வைத்து, உணவின் சாரத்திலிருந்து அது விளைவதாகக் கொள்கிறது. எந்தச் சத்து குறைந்தால் இரத்தம் எப்படிக் கெடும் என்பதை ஆய்வு வழியே கண்டதில் சென்னை மாகாணத்துக்கும் பங்குண்டு. அது இன்னும் உரிய அளவு பேசப்படவில்லை.

கர்ப்பிணிகளைக் கொன்றுவந்த கொடிய இரத்தசோகையை ஆராய ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் பம்பாய் வந்தார். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1931இன் தொடக்கத்தில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். நோயாளிகளின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. மஜ்ஜையில் செல் வளர்கிறது, ஆனால் டி.என்.ஏ. உருவாக்கம் தடைபடுவதால் உரிய நேரத்தில் பிளவுபடுவதில்லை. பெருத்த அணுக்களுக்குக் காரணம் இதுவே. காய்கறியும் கீரையும் அரிதான உணவே நோயின் வேர் என்று வில்ஸ் கருதினார். மார்மைட் என்னும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் பெண்கள் தேறினர். இம்முடிவை 1931இல் வெளியிட்டார்.

ஈஸ்ட் சாற்றிலிருந்து பெண்களைத் தேற்றிய சத்து 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதை 1945இல் செயற்கையாகத் தயாரித்தது அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஆயினும் 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. இதில் பெரும்பங்கு இரும்புச்சத்துக் குறைவால் வருவது. அதனால்தான் அரசு மருத்துவமனைகள் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கின்றன. கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாள் இதைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.