இருட்டு போட்ட வேலி

'தொலைந்து போன குடியேற்றம்' கதை உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1587ல இங்கிலாந்துல இருந்து கிளம்பி, இன்றைய வட கரோலினா கரையோரத்துல ரோனோக் தீவில் நூத்துச் சொச்சம் பேர் குடியேறினாங்க. 1590ல திரும்பி வந்து பாத்தா ஒருத்தரையும் காணோம். அந்தக் குடியேற்றத்தோட கவர்னர் ஜான் வைட். மகள், பேத்தி ரெண்டு பேரையுமே அங்க தொலைச்ச மனுஷன்.

இந்தப் பதிவு அந்த மர்மத்தைப் பத்தி இல்லை. அதைத்தான் ஆளாளுக்கு எழுதியாச்சே :-) அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1585 பயணத்துல, அதே வைட் ஓவியரா வந்தார். அப்போ அந்த மண்ணின் மக்கள் மீன் பிடிக்கிறதை ஒரு படமா வரைஞ்சார். அசல் இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. முன்னாடி ஒரு குடைமரப் படகு. படகுக்கு நட்ட நடுவுல தீ எரியுது. தூரத்துல ரெண்டு பேர் ஆழமில்லாத தண்ணிக்குள்ள இறங்கி ஈட்டியோட நிக்கிறாங்க. 1590ல தியோடோர் டி பிரை இதைச் செதுக்கி, தாமஸ் ஹாரியட்டோட புத்தகத்துல அச்சடிச்சார். அதுல ஈட்டி முனைக்கு என்ன பண்ணாங்கன்னும் குறிப்பு இருக்கு. இரும்பு கிடையாது. அதனால குதிரைலாட நண்டோட கூரான வாலை எடுத்துக் கழி முனையில கட்டிக்கிட்டாங்க.

மரப் படகுக்குள்ள எதுக்குய்யா தீ? படம் பார்த்ததும் எனக்கு முதல்ல தோணின கேள்வி இதான். பதில் ராபர்ட் பெவர்லி 1705ல எழுதின வர்ஜீனியா வரலாற்றுல இருக்கு. ராத்திரி மீன்பிடிக்கு படகு நடுவுல விளிம்பு உயரத்துக்கு ஒரு அடுப்பு மேடை கட்டுவாங்களாம். பிசின் ஊறின பைன் கட்டையைச் சிராய் சிராயா பிளந்து அதுல எரிப்பாங்களாம். தீ அணையாம பாத்துக்கறது ஒரு ஆளோட முழுநேர வேலை. படகோட ரெண்டு முனையிலும் ஈட்டியோட ஆளுக்கு ஒருத்தர். ஈட்டியோட அடிக்கட்டையாலேயே தரையை ஊன்றி, சத்தமில்லாம படகைத் தள்ளுவாங்க. வெளிச்சத்துல அடிமணல் வரைக்கும் தெரியும். மீன் தெரிஞ்சா குத்து. அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

இதே வேலை அமெரிக்காவோட தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் இன்னிக்கும் நடக்குது. படகு கூட வேண்டாம். முழங்கால் தண்ணியில நடந்தே போகலாம். 'ஃப்ளவுண்டர் கிக்கிங்' அப்படின்னு பேர். (நீங்க நினைக்கிற கிக் இல்ல சாமி, முள் ஈட்டிக்கு அவங்க ஊர்ல கிக்குன்னு பேர்.) குறி வைக்கிறது சதர்ன் ஃப்ளவுண்டர்ங்கிற தட்டை மீன்.

தட்டை மீன் நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்லை. நம்ம கடற்கரையில நாக்கு மீன், எருமை நாக்குன்னு சொல்ற மீன்கள் எல்லாம் இந்த வகையறாதான். அந்த எருமை நாக்கோட அறிவியல் பெயர் 'செட்டோடஸ் எருமெய்'. ஆமா, அது நம்ம எருமையேதான்! 1801ல பேர் வச்ச ஐரோப்பியர்கள் தமிழ்ப் பெயரை அப்படியே லத்தீன்ல சொருகிட்டாங்க.

இந்த மீன்கள் பிறக்கும்போது சாதாரண மீன் மாதிரிதான் இருக்கும். பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் மண்டையைத் தாண்டி மறுபக்கம் போயிடும். சதர்ன் ஃப்ளவுண்டருக்கு ரெண்டு கண்ணும் இடது பக்கம். அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒருக்களிச்சுப் படுத்து, மேல கொஞ்சம் மணலை விசிறிக்கிட்டு, இரை பக்கத்துல வர்ற வரைக்கும் அசையாம கிடக்கும். தரை எந்த நிறமோ அந்த நிறம். இந்த வித்தையை அளந்து பாத்தவங்கள்ல நம்ம ஊர்க்காரரும் ஒருத்தர். மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் குழுவும் வேறொரு தட்டை மீன் இனத்தைத் தொட்டியில விட்டு, அடியில விதவிதமான கட்டம் போட்ட தரையை வச்சுப் பாத்தாங்க. 2லேர்ந்து 8 வினாடிக்குள்ள மீன் தன் மேல் புள்ளிகளை அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிச்சு. 1996ல நேச்சர் இதழ்ல வந்தது.

ஆக இந்த மீனோட மொத்தப் பாதுகாப்பும் ஒரே நம்பிக்கையில நிக்குது: 'நான் அசையலைன்னா யாரும் என்னைப் பாக்க முடியாது'. பகல்ல இது சரி. ராத்திரி ஒருத்தன் தலைக்கு மேல விளக்கைப் பிடிச்சா, அப்பவும் அது ஓடாது. அந்த நம்பிக்கையே அதுக்கு எமன்.

போன வருஷம் ஆகஸ்ட்ல ஹூஸ்டன் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு இருந்தப்ப, டீம்ல இருந்த டெக்சாஸ் பெரியவர் ஒருத்தர் கால்வெஸ்டன் பக்கம் கூட்டிட்டுப் போனார். லைசென்ஸ் எடுத்து, காத்தில்லாத ராத்திரியா பாத்துப் போனோம். காத்து அடிச்சா தண்ணி மேல அலை எழும்பி அடி தெரியாது. முதல் பாடம், காலைத் தூக்கி வைக்காதே, மணல்ல தேச்சுத் தேச்சு நட. திருக்கை மேல மிதிச்சா அன்னிக்கு சோலி முடிஞ்சுது. ரெண்டாவது பாடம், மீனைத் தேடாதே, கோட்டைத் தேடு. மணல்ல லேசா முட்டை வடிவத்துல ஒரு விளிம்பு தெரியும். ஒரு மணி நேரம் எனக்கு ஒண்ணுமே தெரியலை. மீன் எழுந்து போன வெறும் பள்ளங்களைத்தான் கண்டுபிடிச்சேன். அப்புறம் ஒண்ணு தெரிஞ்சுது. ரெண்டு கண்ணும் என்னையே பாக்குது. ஈட்டியை ஓங்கினேன். பெரியவர் கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். 'முதல்ல அளவு பாரு. தூண்டில்னா சின்ன மீனைத் திருப்பி விட்டுடலாம். இதுல குத்தினா குத்தினதுதான்.' டெக்சாஸ்ல 15 அங்குலத்துக்குக் கீழ எடுக்கக் கூடாது. 2020 வரைக்கும் 14 இருந்துச்சு. அந்த மீன் சந்தேகத்துக்கு இடமா இருந்ததால விட்டுட்டோம். அது கடைசி வரைக்கும் அசையவே இல்லை.

அண்டூ பட்டன் இல்லாத வேலை. அதுதான் என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வச்சது.

படிச்சா, மீனும் ஈட்டியும் பெரிசா மாறவே இல்லை. மாறினது விளக்குதான். பைன் கட்டைத் தீ ரொம்ப காலம் ஓடுச்சு. அது எரிய எரிய ஆள் பாத்துக்கணும், புகை கண்ணைக் கரிக்கும், வெளிச்சம் சில அடிதான் போகும். அடுத்தது மண்ணெண்ணெய் லாந்தர். 1914ல கோல்மேன் கம்பெனி பெட்ரோல்ல எரியற, காத்தடிக்கிற லாந்தரைக் கொண்டு வந்துச்சு. நம்ம ஊர் பெட்ரோமாக்ஸோட அமெரிக்க ஒண்ணுவிட்ட சகோதரன். (மேண்டில்னதும் 1984ல வந்த 'வைதேகி காத்திருந்தாள்' கவுண்டமணி, செந்தில் ஞாபகம் வரலைன்னா நீங்க தமிழரே இல்லை!) ஒரு பக்கம் தகரத்தை மறைச்சு வச்சா கண் கூசாம தண்ணியில மட்டும் வெளிச்சம் விழும். தனி ஆள் ஒரு கையில விளக்கு, ஒரு கையில ஈட்டின்னு நடந்தே போகலாம். அதுக்கப்புறம் பேட்டரி விளக்கு, தண்ணிக்குள்ளேயே முங்குற விளக்கு, இப்போ எல்இடி. தட்டையான படகோட முன்பக்கம் வரிசையா எல்இடி கட்டிட்டா, ராத்திரி காயல் முழுக்கப் பகல்தான்.

இதைப் படிச்சப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. பெவர்லி காலத்துல இந்த மீன்பிடிக்கு எந்தச் சட்டமும் தேவைப்படலை. ஏன்னா இருட்டே வேலி போட்டு வச்சிருந்தது. தீ எட்டின சில அடிக்குள்ள இருந்த மீன்தான் மாட்டும். மத்ததெல்லாம் தப்பிச்சுது. ஒவ்வொரு புது விளக்கும் அந்த வேலியை இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சுது.

இப்போ அந்த வேலையைச் சட்டம் செய்யப் பாக்குது. குளிர் ஆரம்பிக்கும்போது சதர்ன் ஃப்ளவுண்டர் கூட்டம் கூட்டமா காயலை விட்டுக் கடலுக்கு முட்டை போடப் போகும். குறுகலான வாய்கள் வழியா போறதால ஈட்டிக்காரனுக்கு அது தீபாவளி. எண்ணிக்கை குறைஞ்சுட்டே வந்ததால டெக்சாஸ் 2009ல நவம்பர் மாசம் ஈட்டியைத் தடை செஞ்சுது. தூண்டில்காரங்களுக்கு மட்டும் நாளைக்கு ரெண்டு மீன். ஈட்டிக்காரங்களுக்கு இது பாரபட்சமா பட்டதுல ஆச்சரியமில்லை. 2021லேர்ந்து நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை யாருமே பிடிக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு. வைட் படம் வரைஞ்ச அதே வட கரோலினாவுல நிலைமை இன்னும் மோசம். 2019ல மொத்தப் பிடிப்பைப் பாதிக்கு மேல குறைக்கச் சொன்னாங்க. 2024ல பொழுதுபோக்கா பிடிக்கிறவங்களுக்குப் பருவமே திறக்கலை.

பழி முழுசும் விளக்கு மேல இல்லை. இறால் இழுவலையில குஞ்சு மீன்கள் சிக்கிச் சாகுது. வலைத் தொழிலும் இருக்கு. கூடவே வெப்பமும். இந்த மீன்ல ஆண் கொஞ்சமா வளரும், 14 அங்குலத்தைத் தாண்டறதே அபூர்வம். 15 அங்குலம் தாண்டினது கிட்டத்தட்ட எல்லாமே பெண்தான். சின்னதைக் காப்பாத்தப் போட்ட சட்டம், நடைமுறையில பெண்ணை மட்டும் பிடிக்க விடுது. அதுக்கும் மேல, குஞ்சுப் பருவத்துல தண்ணி ரொம்ப சூடா இருந்தா, மரபணுவுல பெண்ணா இருக்க வேண்டியதே ஆணா வளந்துடுது. 2003ல வட கரோலினா ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சப்ப 23 டிகிரியில ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமா வந்துச்சு, 28 டிகிரியில ஆண் பக்கம் சாஞ்சுடுச்சு. ஆக, சூடாகுற காயல் பெண்ணைக் குறைக்குது, நாம மிச்சமிருக்கிற பெண்ணையே தேர்ந்தெடுத்துக் குத்தறோம்.

இதுல எனக்கு வருத்தமான விஷயம் என்னன்னா, மீன்பிடிகள்லேயே இதுதான் ரொம்ப யோக்கியமானது. வலை மாதிரி ஆமை, டால்பின்னு கண்டதையும் வாரிப் போடாது. எந்த மீனை எடுக்கறோம்னு கண்ணால பாத்து, மனசுல முடிவு பண்ணி எடுக்கறது. ஆனா நாம கண்ணால பாக்கறது நீளத்தை மட்டும்தான். அந்த நீளத்துக்குப் பின்னாடி ஆணா பெண்ணா, வயித்துல முட்டை இருக்கா, இந்தக் காயல்ல இது மாதிரி இன்னும் எத்தனை மிச்சம்... இதெல்லாம் எந்த எல்இடியிலும் தெரியாது.

நவம்பர்ல அந்தக் காயல்ல இப்போ ஆறு வாரம் ஈட்டி விளக்கு எரியறதில்லை. பழைய இருட்டைக் காலண்டர்ல குறிச்சுத் திருப்பிக் கொடுத்திருக்காங்க. அது போதுமான்னு மீன்தான் சொல்லணும்.