பெரிலியம் கலந்த செம்பு: கையில் எடுக்கலாம், தூளாக்கக் கூடாது

இரத்தினபுரி, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களில் பிறந்த எங்களுக்கு வைடூரியம் புதிதல்ல. அந்தக் கல்லுக்குள் பெரிலியம் என்ற உலோகம் இருக்கிறது. இறுகப் பிணைந்திருப்பதால் அணிவோருக்குத் தீங்கில்லை.

அதையே 2 வீதமளவில் செம்போடு கலந்து பதப்படுத்தினால் உருக்குக்கு நிகரான பலம் வரும். மின்சாரம் கடத்தும், காந்தத்தில் ஒட்டாது, தட்டினால் எளிதில் பொறி பறக்காது. அதனால்தான் எண்ணெய், எரிவாயு ஆலைகளிலும் வெடிபொருள் அகற்றுவோரிடமும் இந்த உலோகக் கருவிகள் இருக்கின்றன. விலை சாதாரண செம்பைவிடப் பல மடங்கு. பித்தளைக் குவியலோடு சேர்த்து விற்றால் நட்டம்தான். தடியில் ஆங்கில 'சி' எழுத்தும் 17200 என்ற இலக்கமும் இருந்தால் தனியே வையுங்கள்.

1977, 1983 கலவரங்களுக்குப் பின் எங்கள் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்களின் பிள்ளைகளில் பழைய உலோகம் சேர்ப்போரும் பட்டறை வேலை செய்வோரும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

துண்டைக் கையில் எடுப்பதால் ஒன்றும் வராது. கிரைண்டரில் வெட்டும்போதும் உருக்கும்போதும் வரும் தூளும் புகையுமே ஆபத்து. சிலருக்கு நுரையீரல் தழும்பேறி, வருடங்கள் கழித்தே மூச்சிளைப்புத் தொடங்கும்; புற்றுநோயும் வரலாம். அமெரிக்கா 2017இல் விதித்த வரம்பு, ஒரு கனமீற்றர் காற்றில் 0.2 மைக்ரோகிராம். துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள். 1940களில் ஒஹையோவின் லோரெயின் நகரில், பெரிலிய ஆலைக்குள் கால் வைக்காத அயலவர்களுக்கும் இந்நோய் வந்தது. இருமல் நீடித்தால், வெட்டிய உலோகம் என்னவென்று டொக்டரிடம் சொல்லுங்கள். காசநோய் என்று எண்ணிவிட இடமுண்டு.