பழைய இங்கிலாந்துத் துப்பாக்கியில் ‘3 டன்’: முத்திரை சொல்வது என்ன?

பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியின் குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தால், கிரீடமும் எழுத்துகளும் எண்களும் பொறித்திருக்கும். அவை அலங்காரம் அல்ல. அந்தக் குழல் எவ்வளவு தாங்கும் எனச் சோதித்ததற்கான சான்று.

லண்டன் துப்பாக்கி உற்பத்தியாளர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைக்கூடம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. இங்கெல்லாம் வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்திட்டுச் சுடுவார்கள். வெடிக்காமல், வீங்காமல் தப்பிய குழலுக்கே முத்திரை.

தொடக்கத்தில் சோதனை கருமருந்துக்கு மட்டுமே. புகையில்லா ‘நைட்ரோ’ மருந்துக்கான சோதனை 1896 விதிகளில் வந்தது. ஆகவே கருமருந்து முத்திரை மட்டும் உள்ள துப்பாக்கியில் இன்றைய கடைத் தோட்டாவைப் போடுவது ஆபத்து.

1954 விதிகளுக்குப் பின் அழுத்தமே பொறிக்கப்பட்டது. 12 போர் துப்பாக்கியில் இரண்டரை அங்குலத் தோட்டா அறைக்கு 3 டன், இரண்டே முக்கால் அங்குலத்துக்கு 3¼ டன், மூன்று அங்குலத்துக்கு 4 டன்.

பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஒரு டன் 2,240 பவுண்டு என்பதால், 3 டன் என்றால் சதுர அங்குலத்துக்கு 6,720 பவுண்டு என்று பெருக்கிவிடுகிறார்கள். கணக்கு சரி, ஒப்பீடு தவறு. அந்த டன், உலோகத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்பதை வைத்து அளந்தது. அதே தோட்டாவை இன்றைய மின்னணுக் கருவியில் அளந்தால் எண் கூடுதலாக வரும். அமெரிக்காவில் இரண்டே முக்கால் அங்குல 12 போர் தோட்டாவுக்கான 11,500 பவுண்டு உச்ச வரம்பு மின்னணு அளவு. இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

இன்னொரு பொறி தோட்டாவின் நீளம். பெட்டியில் போட்டிருப்பது சுட்டபின் விரிந்த கூட்டின் நீளம். மடிந்த வாயுடன் இருக்கும் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா, இரண்டரை அங்குல அறைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறக்கூடும். ‘உள்ளே போகிறதே’ என்பது உத்தரவாதம் ஆகாது.

குழல் சுவரின் தடிப்பையும் முத்திரை காட்டாது. துருவை நீக்க உட்புறம் தேய்க்கப்பட்டிருந்தால், குழல் மெலிந்திருந்தாலும் பழைய முத்திரை அப்படியே இருக்கும். துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்தான் கருவி வைத்து அளந்து சொல்ல வேண்டும். லண்டன், பர்மிங்ஹாம் கூடங்களில் இன்றும் மறுசோதனைக்குக் கொடுக்கலாம். அதில் குழல் வெடித்தால் இழப்பு உரிமையாளருக்கே.