விதையிலிருந்து சின்ன வெங்காயம்: வீட்டு வளவில் நட்டு, மாதக்கணக்கில் வைத்திருக்க

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியது வெங்காய நடுகைக்குச் சற்று முந்திய காலம். தோட்டக்காரரின் அடுத்த போகத்து முதல் கொட்டில்களில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்தவர்களால் விதை வெங்காய மூட்டையைச் சுமக்க முடியவில்லை. விதை வெங்காயத்தைக் கைவிட்ட குடும்பம் திரும்பவும் தோட்டம் தொடங்குவதென்றால் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். ஒரு பரப்புக்கே பல பத்துக் கிலோ தேவைப்படும். நடுகைக் காலத்தில் அதன் விலையைச் சொல்லவே வேண்டாம்.

கறுப்பு நிறத்தில் எள்ளளவு இருக்கும் உண்மை விதையென்றால் அதே பரப்புக்குச் சில நூறு கிராமுக்குள் அடங்கிவிடும். வீட்டு வளவுக்கு ஐந்து கிராமே போதும். அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும். குமிழோடு வந்து சேரும் பங்கசு நோய்களும் குறைவு. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நாற்றுப் பராமரிப்பு இருக்கிறது. அதைப் பாராமல் தொடங்கக்கூடாது.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் விதைப் பைக்கற்றை இங்கே போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. ஐரோப்பிய, கனேடிய இனங்கள் பலவற்றுக்குக் குமிழ் கட்ட 14 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பகல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலே 13 மணித்தியாலத்தைத் தொடுவதில்லை. தாள் செழிக்கும், கீழே ஒன்றும் இராது. இங்கத்தைய சின்ன வெங்காய விதையையே கேட்டு வாங்குங்கள். பொதி செய்த திகதியையும் பாருங்கள். எங்கள் வெக்கைக்கு வெங்காய விதை ஒரு வருடத்திலேயே முளைதிறனை இழந்துவிடும். ஐமிச்சமென்றால் இருபது விதையை ஈரத்துணியில் ஒரு கிழமை சுற்றிவைத்துப் பாருங்கள். பாதிகூட முளைக்காவிட்டால் அந்தப் பைக்கற்றை நம்பவேண்டாம்.

கார்த்திகைக் கடைசியில், வெள்ளம் நில்லாத உயர்ந்த தவாரணை போடுங்கள். விதைக்கமுன் அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் குறையும். வரிக்கு வரி நான்கு விரல் இடைவெளி, ஒரு சென்ரிமீற்றர் ஆழம்; அதற்குமேல் தாழ்க்க வேண்டாம். முளைக்கும்வரை வைக்கோல் மூடாக்கு. முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும், பிந்தினால் நாற்று வெளிறி நீளும். பெருமழைக்குப் பொலித்தீன் கூரை தேவை.

ஐந்தாறு கிழமையில், பென்சிலிலும் சற்று மெல்லிய நாற்றாக, தை மாதம் பிடுங்கி நடலாம். இடைவெளி பத்துச் சென்ரிமீற்றர். பாத்திக்கு உக்கிய மாட்டெரு இடுங்கள், பச்சை எரு கூடாது. புல்லை விட்டால் வெங்காயம் தோற்றுவிடும், அதற்கு நிழல்தரும் இலை கிடையாது.

வைப்புக்கு நிற்பதைத் தீர்மானிப்பது கடைசி ஒன்றரை மாதம். குமிழ் பருக்கத் தொடங்கியபின் யூரியா போட்டால் கழுத்துத் தடித்து மூடாமல் நிற்கும், அதன் வழியாகவே அழுகல் இறங்கும். தாள்களில் பாதிக்குமேல் சாய்ந்தால் இறைப்பை நிறுத்துங்கள். நிறை கூடுமென்று கடைசித் தண்ணீர் விடுவது விற்கிறவனுக்கு லாபம், வைத்துச் சாப்பிடுகிறவனுக்கு நட்டம். ஒரு கிழமை, பத்து நாள் விட்டு, மண் காய்ந்தபின் கிண்டுங்கள்.

தாளை வெட்டாமல் நிழலில் பரப்பி, கழுத்து கைக்குச் சருகாகப் படும்வரை உலரவிடவேண்டும். கழுவக்கூடாது. பிறகு பிடி பிடியாகக் கட்டி, காற்றோடும் கொட்டிலில் கிடுகுக் கூரைக்குக் கீழே தொங்கவிடுங்கள். பொலித்தீன் பையும் சீமெந்துத் தரையும் ஆகாது. தடித்த கழுத்து, மண்வெட்டி பட்டது, பூத்தது எல்லாம் முதலில் கறிக்கு. கிழமைக்கொருமுறை பிடிகளைத் தொட்டுப் பார்த்து, மெத்தென்று இருப்பதைக் கழற்றி எறியுங்கள்.

நல்லாகக் காய்ந்த சிறிய, கெட்டியான குமிழ்களைத் தனிப்பிடியாகக் கட்டி வைத்தால், அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் உங்கள் கொட்டிலிலேயே இருக்கும்.